நான்காம் நாள் வந்தவர்

கல்லறைத் திருநாளையொட்டி வானொலியில் ஒலித்த மறையுரை



நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாள். நம் மக்கள் இதைக் கல்லறைத் திருநாள் என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இந்த 2025-ஆம் ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. ஊர்ப்பக்கம் இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கல்லறை மேல் முளைத்த புல்லைச் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், அழிந்துபோன பெயரைக் கறுப்புப் பெயின்டால் மறுபடியும் எழுதுவார்கள். மாலையில் பூமாலையும் மெழுகுதிரியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். நம் வீட்டுக் கல்லறைக்கு அவர் வரும்வரை நாம் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில்தான் அப்பாவைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் எத்தனையோ பேச்சு வரும்.

ஆனால் இன்று நான் அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாதவர்களோடு பேச விரும்புகிறேன். தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று இந்தப் பகுதி முழுவதும் தொழிற்சாலைகள். அவற்றில் வேலை செய்கிறவர்களில் பலர் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமநாதபுரம், திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் நம்மோடு திருப்பலியில் இருக்கிறார்கள். ஓர் அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கியிருக்கிறார்கள். கம்பெனிப் பேருந்து வரும் நேரமே அவர்களுடைய கடிகாரம். அவர்களுடைய அம்மாவோ அப்பாவோ புதைக்கப்பட்ட இடம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சிலருக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

அவர்களில் ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு சிற்றூர் அவருக்கு. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். டிப்ளமா முடித்ததும் இங்கே வேலைக்கு வந்து தண்டலத்தில் அறை எடுத்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள். பாலங்களும் சாலைகளும் அறுந்தன. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் வேலை செய்யவில்லை.

அந்த 18-ஆம் தேதி இரவு அவருடைய அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஊரைச் சுற்றிலும் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. கரண்ட் இல்லாததால் உடலை ஐஸ் பெட்டியில் வைத்து மகனுக்காகக் காத்திருக்கவும் வழியில்லை. கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கோவிலுக்குப் பின்னால் இருந்த மேட்டில் குழி தோண்டினார்கள். பங்குச் சாமியாரால் வர முடியவில்லை. ஊர் உபதேசியார்தான் செபம் சொல்லி அடக்கம் செய்து வைத்தார்.

இது எதுவும் மகனுக்குத் தெரியாது. இங்கே லைனுக்குள் போகும்போது செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். சுவிட்ச் ஆஃப். மழையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் போட்டார். 20-ஆம் தேதி மாலை, சிக்னல் கிடைக்கிற இடம்வரை நடந்து வந்த சித்தப்பா போனில் சொன்னார். கிடைத்த பேருந்தில் ஏறி, பிறகு ஒரு லாரியில் போய், கடைசியில் சேற்றில் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் நடந்து நான்காம் நாள். ஈரம் காயாத மண்ணும், இரண்டு குச்சிகளைக் கட்டி நட்டிருந்த ஒரு சிலுவையும்தான் அவர் பார்த்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார். 2024-ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது. அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபின் எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

"ஃபாதர், அம்மா செத்து ரெண்டு மாசம் ஆவுது. எனக்கு அழுகையே வரல. நான் அங்க இருந்திருந்தா எப்படியாவது தூக்கிட்டுப் போயிருப்பேன். முகத்தக்கூட பாக்காத நான் என்ன மகன்?"

அன்பானவர்களே, இதே கேள்வியைப் பலரிடம் நான் கேட்டிருக்கிறேன். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்து, காலையில் அப்பாவை எழுப்பப் போனவர்களும் கேட்டிருக்கிறார்கள். 'நான் இருந்திருந்தால்', 'நான் கவனித்திருந்தால்', 'அன்றைக்கு ஒரு போன் போட்டிருந்தால்' என்ற நினைப்பு, இழவு வீட்டுப் பந்தலைப் பிரித்த பிறகும் நெடுநாள் நம்மோடு இருக்கிறது.

அந்த இளைஞருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து அவரையே வாசிக்கச் சொன்னேன். நீங்களும் இன்று வீட்டில் அதை வாசியுங்கள்.

பெத்தானியா ஊரில் இலாசர் நோயுற்றுக் கிடக்கிறார். மார்த்தாவும் மரியாவும் இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் யோர்தானுக்கு அக்கரையில் இருக்கிறார். செய்தி கேட்டபின்னும் இரண்டு நாள் அங்கேயே தங்குகிறார். அவர் வந்து சேரும்போது இலாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. எருசலேமிலிருந்து பெத்தானியா ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான் என்பதால், துக்கம் கேட்க யூதர்கள் பலர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் வந்தபின் கடைசியாக வருகிறார் அந்த வீட்டுக்கு மிக நெருங்கிய நண்பர்.

மார்த்தா ஊருக்கு வெளியிலேயே ஓடிவந்து அவரைச் சந்திக்கிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். பின்னால் வரும் மரியாவும் அவர் காலில் விழுந்து அதையேதான் சொல்கிறார். நான்கு நாளாக அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இயேசு அவர்களைக் கோபிக்கவில்லை. ஆண்டவரிடம் இப்படியா பேசுவது என்று கேட்கவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி மார்த்தாவோடு பேசுகிறார். ஆனால் மரியா அழுவதைக் கண்டதும் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது. இலாசரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பிறகு அழுகிறார்.

அடுத்த சில நிமிடங்களில் தாம் இலாசரை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறார். ஆகவே, கண்ணீர் விடுவது நம்பிக்கையில்லாதவர்களின் செயல் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மறுவாழ்வை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்றால், உயிர்ப்பும் வாழ்வும் ஆனவரே பெத்தானியாவில் அழுதிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே சுற்றி நின்றவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். சிலர், இலாசர்மீது இவருக்கு எவ்வளவு அன்பு பாருங்கள் என்றார்கள். சிலரோ, பார்வையற்றவருக்குக் கண் கொடுத்தவரால் இவரைக் காப்பாற்ற முடியவில்லையா என்றார்கள். தாமதமாக வந்தவரைப் பற்றி ஊர் எப்போதும் இப்படித்தான் பேசும். நம் வீட்டுத் துக்கத்திலும் பேசியிருப்பார்கள்: 'மகன் வரலியாம்', 'கடைசி நேரத்துல பக்கத்துல ஒருத்தரும் இல்லையாம்.' அந்தப் பேச்சைக் கேட்டு நின்றவர்தான் நம் ஆண்டவர். நான்காம் நாள் வந்து கல்லறைக்கு முன் நிற்பவருடைய மனம் அவருக்குத் தெரியும்.

அந்த இளைஞரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "தம்பி, உன்னை இங்கே வேலைக்கு அனுப்பியது யார்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாதான். நான் போகலன்னுதான் சொன்னேன். காதுல கெடந்ததக் கழட்டி அடகு வச்சு, கையில பணத்தக் குடுத்து பஸ் ஏத்திவிட்டா" என்றார்.

சகோதர சகோதரிகளே, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைவிட அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து வழியனுப்பிவைத்த பெற்றோர்கள் நம்முடையவர்கள். மாதம் தவறாமல் அனுப்பிய பணமும், ஷிப்டு முடிந்ததும் போட்ட போனும், தூரத்திலிருந்து நாம் செய்த பணிவிடைதான். கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி கொடுத்த கைக்குக் கிடைக்கும் நன்றி, ராத்திரி முழுவதும் நின்று வேலைபார்த்து மருந்துச் செலவுக்கு அனுப்பிய கைக்கும் உண்டு.

உண்மையாகவே குறை வைத்தவர்களும் நம்மிடையே இருக்கலாம். சண்டை போட்டுப் பேசாமலே இருந்திருப்போம். வரச்சொல்லியும் போகாமல் இருந்திருப்போம். அவர்களிடம், பரவாயில்லை, மறந்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அதற்குத்தான் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. அங்கே வந்து சொல்லுங்கள். இறந்தவரிடம் கேட்க முடியாமல்போன மன்னிப்பை ஆண்டவரிடம் கேளுங்கள். இறந்தவர்களுக்காக நாம் செபிக்கலாம் என்பதே நம் திருஅவையின் நம்பிக்கை. அப்படியானால் அவர்களுக்கும் நமக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இன்னும் முடியவில்லை. இப்போதும் நம்மால் அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும். குற்ற உணர்வோடு வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

புனித மோனிக்காவும் அவருடைய மகன் புனித அகுஸ்தீனும் இந்த வழியில் போனவர்கள்தான். 387-ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பக் கப்பலுக்காக உரோமைக்கு அருகில் ஒஸ்தியா துறைமுகத்தில் காத்திருந்தார்கள். அங்கே மோனிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சொந்த ஊரில் தம் கணவருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைசியில் அந்த ஆசையையும் விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார்.

அகுஸ்தீனுக்கு அப்போது 33 வயது. தாயின் கண்களை மூடிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டார். அருகில் கதறிய தம் சிறுவயது மகனையும் மற்றவர்கள் அமைதிப்படுத்தினார்கள். அடக்கத்தின்போதும் அவர் அழவில்லை. குளித்தால் மனம் இலேசாகுமோ என்று குளித்துப் பார்த்தார், ஆகவில்லை. தூங்கி எழுந்து, படுக்கையில் தனியாகக் கிடந்தபோதுதான் அம்மாவின் அன்பெல்லாம் நினைவுக்கு வந்து கண்ணீர் கொட்டியது. இதைத் தம் நூலில் அவரே எழுதிவைத்திருக்கிறார். தமக்காக எத்தனையோ ஆண்டுகள் அழுத தாய்க்காகக் கொஞ்ச நேரம் தாம் அழுததைப் பாவம் என்று நினைப்பவர் இருந்தால், ஏளனம் செய்யாமல் தம் பாவங்களுக்காக அழட்டும் என்கிறார். திருஅவையின் பெரிய மறைவல்லுநர் ஒருவருக்கே கண்ணீர் நேரம் கழித்துத்தான் வந்தது. பிறகு தாயின் கல்லறையை இத்தாலியில் விட்டுவிட்டு அவர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கல்லறை தூரமாயிற்று. பீடம் மட்டும் எங்கே போனாலும் பக்கத்தில் இருந்தது.

கண்ணீர் தாமதமாவது மட்டுமல்ல, சில வேளைகளில் அடக்கமே தாமதமாகிவிடுகிறது. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடம் கொடுக்க அப்பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. அண்ணா நகர் பக்கம் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. அவருடைய மனைவியும் மகனும் அங்கிருந்து போய்விட வேண்டியதாயிற்று. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனை ஊழியர் இருவரோடு போலீஸ் பாதுகாப்பில் திரும்பி வந்து, தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

கணவர் விரும்பியபடி கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவரை வைக்க வேண்டும் என்று அந்த மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதே நீதிமன்றம் 2021 மார்ச் மாத இறுதியில் அவருடைய கோரிக்கையை ஏற்றது. ஓராண்டுக்குப் பின், கணவரின் உடல் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஓராண்டும் அந்தக் குடும்பம் எப்படித் துக்கத்தைச் சுமந்திருக்கும்! இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்காமல் மனம் ஆறாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

கல்லறையே இல்லாதவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், திருக்குடும்ப விழா ஞாயிறு. அன்று வந்த சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணமாக வந்தவர்கள் பலரும் அதில் போனார்கள். ஆள் அடையாளம் தெரியாமல் பெரிய பெரிய குழிகளில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். சிலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இருபது ஆண்டுகள் கடந்தபின்னும் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் அந்தக் கடற்கரையில் மக்கள் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத்தூவுகிறார்கள். எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாதவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் அழுகிறார்களே என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

இப்படிப்பட்டவர்களுக்காகவே திருஅவை இந்த நாளை வைத்திருக்கிறது. 998-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் குளூனி மடத்தின் அதிபராக இருந்த புனித ஓடிலோ, தம் மடங்களில் நவம்பர் 2-ஐ இறந்தோர் அனைவருக்குமான நாளாக ஏற்படுத்தினார். 'அனைவர்' என்ற சொல்லில், பெயர் சொல்லிச் செபிக்க ஆள் இல்லாதவர்களும் சேர்ந்துவிட்டார்கள். 1915-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட், இந்த ஒரு நாளில் எல்லாக் குருக்களும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்று அனுமதி கொடுத்தார். மகனின் உடலைக்கூடக் காணாத பெற்றோர்கள் அப்போது ஐரோப்பா முழுவதும் இருந்தார்கள். 2020-ல் கொரோனாவால் கல்லறைகளுக்குக் கூட்டமாகப் போக முடியாதபோது, நவம்பர் முதல் எட்டு நாள்களில் கல்லறையைச் சந்திப்போருக்கு உரிய நிறைவான பேறுபலனை, அந்த மாதம் முழுவதும் பெறலாம் என்று உரோமை அறிவித்தது. தாமதமாக வருகிறவர்களுக்கும் வர முடியாதவர்களுக்கும் தாய்த் திருஅவை கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

அப்படியென்றால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, துக்கத்தில் இருப்பவரிடம் குறைவாகப் பேசுவோம். 'அழாதே', 'நல்லவங்களத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு', 'அவங்களுக்கு வயசாச்சுல்ல' என்றெல்லாம் நாம் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். கேட்கிறவருக்கு அது வாயை மூடு என்பதுபோல் கேட்கிறது. இறந்தவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். 'உங்க அம்மா எந்த ஊரு? என்ன சமைப்பாங்க?' என்று கேட்டாலே போதும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில் குடும்பத்தில் நேரும் மரணத்தைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். இழப்பைச் சந்தித்த குடும்பத்தைக் கைவிடுவது இரக்கமற்ற செயல் என்றும், துக்கம் ஆற நெடுங்காலம் பிடிக்கலாம் என்றும் அதில் நினைவூட்டுகிறார்.

இரண்டாவது, நண்பரை இழந்தவர்களை மறந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் ஓர் இளைஞர் இறந்துபோனால், உடலை வாங்கிக்கொண்டு குடும்பத்தார் ஊருக்குப் போய்விடுகிறார்கள. கூடத் தங்கியிருந்தவர்கள் அன்று மாலையே ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆணியில் அவருடைய சட்டை தொங்குகிறது. அவர்களிடம் யாரும் துக்கம் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் உறவு இல்லையாம். இலாசர் இயேசுவுக்கு என்ன உறவு? நண்பர்தானே! அகுஸ்தீனும் இளவயதில் ஒரு நண்பரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, சொந்த ஊரில் இருக்கவே முடியாமல் கார்த்தேஜ் நகருக்குப் போய்விட்டவர். அன்பியக் கூட்டத்தில் இவர்களையும் தேடிப் போங்கள். இறந்த அந்த நண்பரின் பெயரைச் சொல்லி ஒரு செபமாலை சொல்லுங்கள்.

மூன்றாவது, மேற்பார்வையாளர்களாகவும் ஒப்பந்ததாரர்களாகவும் இருக்கும் நம் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். துக்க விடுப்பு என்று தனியாக ஒன்று நம் தொழிற்சாலைச் சட்டத்தில் இல்லை. ஈட்டிய விடுப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வேலைக்கு வந்தால்தான் சம்பளம். எனவே அந்த இரண்டு மூன்று நாள் உங்கள் கையில்தான் இருக்கிறது. தாய் இறந்த செய்தி வந்தால், லைனிலிருந்து ஆளை வெளியே அனுப்ப ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். திரும்பி வந்ததும் முதல் வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று. ஒரு மகனை அடக்கத்துக்கு அனுப்பிவைப்பதும் அதில் அடங்கும்.

நான்காவது, மாதக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பிட மனமில்லாமல், வாழவே பிடிக்காமல் இருப்பவர்கள் தனியாகக் கிடக்காதீர்கள். குருவானவரிடம் வாருங்கள். மருத்துவரிடமும் போங்கள். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்த நேரமும் தமிழிலேயே கிடைக்கிறது. உதவி கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

ஐந்தாவது, ஊருக்குப் போக முடியாதவர்கள் இங்கே பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். யாரும் வராத ஒரு கல்லறை நிச்சயம் இருக்கும். அதன் மேலுள்ள குப்பையை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு மெழுகுதிரி ஏற்றி, அங்கே கிடப்பவருக்காகச் செபியுங்கள். உங்கள் அம்மாவின் கல்லறைக்கு முன்னும் யாரோ ஒருவர் நின்று செபிப்பார் என்று ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இந்த யோசனை அந்த இளைஞருடையது. போன ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. தீபாவளி முடிந்த கையோடு மறுபடி விடுப்பு கேட்க முடியாத நிலை. அன்று எங்களோடு இங்குள்ள கல்லறைக்கு வந்தார். ஓரமாகப் பெயர் அழிந்துபோன ஒரு சின்னக் கல்லறை இருந்தது. குழந்தையினுடையதாக இருக்க வேண்டும். அதைத் துடைத்து, தான் கொண்டுவந்த மெழுகுதிரியை அதன் மேல் வைத்து ஏற்றினார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்குவதைத்தான் பார்த்தோம். அம்மா இறந்து பத்து மாதத்துக்கும் மேல் கழித்து, அன்றுதான் அழுதார். அவரோடு தங்கியிருக்கும் மற்ற பையன்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அறைக்குத் திரும்பும்போது, அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினாராம்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போய், ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில் குச்சிச் சிலுவை இருந்த இடத்தில் கல் சிலுவை நட்டுவிட்டு வந்திருக்கிறார். 'இருந்திருந்தா' என்ற நினைப்பு இன்னும் சில இரவுகளில் வருகிறது என்றுதான் சொல்கிறார். ஆனால் இப்போது அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறாராம், மார்த்தா சொன்னதுபோல.

அன்பானவர்களே, கல்லறைக்கு முன் நிற்பவர்களும், கடலைப் பார்த்து நிற்பவர்களும், தண்டலத்தில் ஓர் அறையில் செல்போனில் அம்மாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும், இந்த ஞாயிறன்று ஒரே பீடத்தைச் சுற்றித்தான் கூடுகிறோம். உங்களுக்குரியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து பீடத்தருகே வையுங்கள். எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும் எழுதுங்கள்.

செபிப்போமாக. ஆண்டவரே, நண்பரின் கல்லறைக்கு நான்காம் நாள் வந்து நின்று அழுதவரே, எங்கள் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் நண்பர்களையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். நாங்கள் கடைசியாகப் பார்க்க முடியாமல்போன அவர்களுடைய முகத்தை நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீர். நாங்கள் வைத்த குறைகளை மன்னியும். இன்றும் அழ முடியாமல் இருப்பவர்களுக்குக் கண்ணீரைத் தாரும், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆளைத் தாரும். ஒருநாள் நாங்களும் அவர்களும் உம் இல்லத்தில் ஒன்றாய்ச் சேரும்வரை எங்களைத் தாங்கிக்கொள்ளும். ஆமென்.